கொழும்பில் கல்லும் சோறும்



பழமையைக் காண விரும்பும் கொழும்புவாசிகள் முதலிற் செய்வது கொழும்பை விட்டுப் புறப்படுவதுதான். அநுராதபுரத்துக்கும் பொலநறுவைக்கும் சீகிரியாவுக்கும் வண்டியேறுவர். இரண்டு நாள் அலைந்து, களைத்து மீள்வர். கொழும்பு துறைமுகமும் கந்தோரும் கடைத்தெருவும் நிறைந்த வாணிக நகரம், அங்கே பார்ப்பதற்குத் தொன்மையான பொருள் யாதுமில்லை என்பது பலருடைய எண்ணம்.

மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா இந்நகருக்கு வந்தது 1344ஆம் ஆண்டிலாகும். அன்றே இது இத்தீவின் சிறந்த பெருநகர்களுள் ஒன்று என்று அவர் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுப் புகழுடைய ஊர் பழமையற்றதாகத் தோன்றுவதற்குக் காரணம் யாது? இங்கே ஒவ்வோர் ஆட்சியும் முந்திய ஆட்சியின் கல்லைப் பெயர்த்தெடுத்தே தன் கட்டடத்தை எழுப்பியது. கல் இடம் மாறிற்று. ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும் விட்டுச்சென்ற உணவு இடம் மாறவில்லை. ஆதலால், கொழும்பின் வரலாற்றை அறிய விரும்புவோர் இடிபாட்டையும் இலையில் இட்ட சோற்றையும் ஒருசேரப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒரு பகற்பொழுது போதும். கோட்டையிலே தொடங்கி, கறுவாத்தோட்டம், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை ஆகிய இடங்களைக் கண்டு, அந்தி மயங்கும் வேளையில் வெள்ளவத்தையை அடைவோம்.

கோட்டை என்று நான் குறிப்பது துறைமுகத்தை அடுத்துள்ள கொழும்புக் கோட்டையை அன்று. அதற்குத் தென்கிழக்கே, தியவன்னா ஓயாவின் கரையில் உள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையையே குறிக்கின்றேன். 1982ஆம் ஆண்டிலே புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட இடம் அது. காலை இளவெயிலில் அங்கே சென்றால், இடத்தின் அமைப்பே அதன் வரலாற்றைச் சொல்லும். ஓயாவும் சதுப்பு நிலமும் பெரும்பகுதியைச் சூழ்ந்து நிற்கின்றன. தெற்கே ஒடுங்கிய நிலவழி ஒன்றே உண்டு. அந்த வழியைக் குறுக்கே வெட்டி அகழி தோண்டி, செம்பாறைக் கல்லால் மதில் எழுப்பிவிட்டால் இயற்கையே காவலாகிவிடும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை உணர்ந்து செயற்பட்டவன் அழகக்கோனாரன் என்னும் அமைச்சன். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படை தெற்கே பரவி வரிகொண்ட காலம் அது. அமைச்சன் முதலிற் கோட்டையைக் கட்டினான். பின்பு அதனுள்ளே உணவுப் பண்டங்களைச் சேர்த்து நிறைத்தான். அதன் பின்னரே வரிகொள்ள வந்தோர்மீது கைவைத்தான் என்று ராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறுகின்றது. மதிலுக்கு நிகராகக் களஞ்சியத்தையும் மதித்தவன் அவன்.

பதினைந்தாம் நூற்றாண்டில், ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், இக்கோட்டை அரசிருக்கையாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவனுடைய ஆட்சியிற் புலவர்கள் பெருகினர். தந்த தாதுவுக்கு மூன்று மாடிக் கோயில் எழுந்தது. தொட்டகமுவை ஸ்ரீ ராகுல தேரர் பாடிய செலலிஹினி சந்தேசய என்ற தூதுக் காவியம் இந்நகரின் அழகைப் புனைந்துரைக்கும்போது, ஈசுவரன் கோயிலிலே தமிழ்த் துதிப்பாடல் ஒலித்ததனையும் குறிப்பிடுகின்றது. இவ்வரசனுடைய படைத்தலைவன் சபுமல் குமாரயன் 1450ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை வென்றான். நம்மவர் அவனைச் சண்பகப் பெருமாள் என்பர். பின்பு புவனேகபாகு என்ற பெயருடன் கோட்டைச் சிங்காதனம் ஏறிய அவனுடைய அரச நாமம், நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கட்டியத்தில் இன்றும் ஓதப்படுகின்றது. பகையும் பக்தியும் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஒரே பாதையில் நடந்த காலம் அது.

அந்தப் பெருநகரில் இன்று எஞ்சியிருப்பவை சிலவே. பிட்டகோட்டையில் மதிலின் துண்டுகளும் அகழியின் ஒரு பகுதியும் உள்ளன. பெத்தகானையில் செங்கல் தூபிகளின் அடித்தளம் உண்டு. அழகக்கோனாரன் குடும்பத்தின் பெயரால் வழங்கும் இடிபாடு ஒன்று வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கின்றது. சில இடங்களில் மதிலின் அடிக்கல்லே வீட்டு வேலிக்கு ஆதாரமாயிற்று. காவலர் துரத்தாவிட்டாலும் காலம் துரத்தும் நிலையில் உள்ள சின்னங்கள் இவை.

இந்நகர் எவ்வாறு அழிந்தது? 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரின் கப்பல் கொழும்புத் துறையை அடைந்தது. துறையில் நின்றவர்கள் கோட்டை அரசனிடம் ஓடிச்சென்று கூறிய செய்தியை ராஜாவலிய பதிவுசெய்துள்ளது. வெண்ணிறமும் அழகும் உடைய மனிதர் வந்துள்ளனர். இரும்புச் சட்டையும் தொப்பியும் அணிந்துள்ளனர். ஓரிடத்தில் நில்லாது உலாவுகின்றனர். கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கின்றனர் என்பது அச்செய்தியின் சாரம். கல் என்று அவர்கள் எண்ணியது பாணை; இரத்தம் என்று எண்ணியது திராட்சை மதுவை. அரிசியை அவித்து உண்ட மக்கள், மாவைச் சுட்டு உண்பாரைக் கண்டு வியந்ததில் வியப்பில்லை.

அச்செய்தி நகைப்புக்குரியதாகத் தோன்றினும், அறுபது ஆண்டுகளிலே வேறொரு வகையில் மெய்யாயிற்று. கறுவாவைத் திறையாகக் கேட்டுத் தொடங்கிய உறவு, அரசுரிமையையே விழுங்கிற்று. சீதாவாக்கையின் முற்றுகைகளைத் தாங்கமாட்டாது 1565ஆம் ஆண்டிலே கோட்டை கைவிடப்பட்டது. தருமபாலன் என்னும் அரசன் போர்த்துக்கேயருடன் கொழும்புக்குச் சென்றான், 1580ஆம் ஆண்டில் தன் இராச்சியத்தையே அவர்களுக்கு உரிமையாவணம் எழுதிக் கொடுத்தான், 1597இல் மாண்டான். ஆளற்ற நகரின் கற்கள் கொழும்பிற் போர்த்துக்கேயர் கட்டிய கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவற்றைப் பிற்காலத்தவர் வீட்டுக்கும் வீதிக்கும் எடுத்தனர். வந்தவர்கள் கல்லைத் தின்றது உண்மையே!

காலை உணவுக்குக் கோட்டையின் வீதியோரக் கடையொன்றிற் சற்று அமர்வோம். பாணும் தேங்காய்ச் சம்பலும் வரும். அன்று கல் என்று அஞ்சியது இன்று இந்நாட்டு ஏழையின் காலை உணவு. அதன் பெயரும் மாறவில்லை; போர்த்துக்கேயர் சொல்லே பாண் என்று தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்துவிட்டது. அதனைச் சுடும் அடுப்பைப் போறணை என்கிறோம், அச்சொல்லும் அவர்களுடையதே. அப்பாணைப் பரிமாறும் மேசை, அமரும் வாங்கு, தேநீர் வார்க்கும் கோப்பை ஆகிய பெயர்களையும் அவர்களே தந்தனர். எல்லாவற்றிலும் வியப்பானது, நம் தாய்மார் நாள்தோறும் புழங்கும் சமையலறைக்கே குசினி என்ற போர்த்துக்கேயப் பெயர் அமைந்ததாகும். அடுக்களை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும் ஈழத்து வீடுகளிற் குசினி குடிபுகுந்துவிட்டது. அவர்களுடைய ஆட்சி 1658இல் இத்தீவை விட்டு நீங்கிற்று. அவர்களுடைய சொற்கள் அடுப்பங்கரையை விட்டு நீங்கவில்லை.

சம்பலின் சிவப்பையும் கவனித்தல் வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசு அங்கே சென்ற 1492க்கு முன் இந்நாட்டார் எவரும் அதனைக் கண்டிலர். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வழியாக அது கீழைக்கரைகளில் இறங்கிற்று. அதுவரை உறைப்புக்குப் பெரிதும் உரியது மிளகே. புதிய காயைக் கண்ட தமிழர் அதனை மிளகுபோல் உறைக்கும் காய் என்று கொண்டு மிளகாய் என்றனர். ஈழத்தின் சில பகுதிகளிற் கொச்சிக்காய் என்றனர். கொச்சித் துறையின் வழியே வந்ததனை அப்பெயர் காட்டுகின்றது.

கோட்டையிலிருந்து நகரை நோக்கி வந்தால் கறுவாத்தோட்டத்தை அடைவோம். இன்று செல்வர் மனைகள் நிற்கும் இப்பகுதியின் பெயர் வெறும் பெயரன்று. காட்டிலே பட்டையுரித்த கறுவாவைத் தோட்டப் பயிராக நட்டு வளர்க்கும் முயற்சி, ஒல்லாந்தக் கவர்னர் பால்க் ஆண்ட காலத்தில், அதாவது 1765க்கும் 1785க்கும் இடையில், இம்மண்ணிலே தொடங்கிற்று. ஐரோப்பிய வல்லரசுகளைக் கடல்கடந்து இழுத்துவந்த பட்டை இதுவே.

அத்தோட்டத்தின் நடுவே 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை உள்ளது. நேரம் குறைவாதலால் அங்கே இரண்டு பொருள்களை மட்டும் காண்போம். முதலாவது, காலியில் 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கல் அது. சீனக் கடற்றலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனத்திலேயே பொறித்துக் கொணர்ந்தான். சீன மொழியிற் புத்தர்பிரானுக்கும், தமிழிலே தெவிநுவரைத் தெய்வமாகிய தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமியரின் இறைவனுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகள் அதிலே கூறப்பட்டுள்ளன. இத்தீவின் கரையில் வாணிகம் செய்ய விரும்பிய சீனன், தமிழையும் ஒரு மொழியாகத் தெரிந்தெடுத்தான் என்பது எண்ணத்தக்கது. அதே செங் ஹோ 1411இல் அழகக்கோனாரன் குலத்துத் தலைவன் ஒருவனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றான் என்பதும் வரலாறே. தெவிநுவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துத் தள்ளினர். கோயில் போயிற்று, அதற்கு வந்த காணிக்கையின் பட்டியல் வடிகால் மூடியாய்த் தப்பிற்று.

இரண்டாவது, பொலநறுவைச் சிவாலயத்தின் அருகே 1907ஆம் ஆண்டளவில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள். நடராசரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் அவற்றுள் முதன்மையானவர்கள். ஆனந்தக் குமாரசுவாமி 1914இல் இவற்றைப் பற்றி நூலெழுதி உலகறியச் செய்தார். பொலநறுவைக்குச் செல்பவர் காணும் கருவறை வெறுமையாக இருப்பதன் காரணம் இங்கே வந்தால் விளங்கும்.

நண்பகலுக்குக் கொட்டாஞ்சேனையை அடைவோம். புறக்கோட்டையின் நெரிசலைக் கடந்து மேட்டில் ஏறினால் வுல்பெண்டால் தேவாலயம் தோன்றும். ஒல்லாந்தர் 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம் இது. சிலுவை வடிவம், ஏறத்தாழ ஐந்தடி கனமான சுவர். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அதன் பெயரின் பொருள். இந்நாட்டில் ஓநாய் இல்லை. மேட்டிலே ஊளையிட்ட நரியையே அந்நியர் ஓநாய் என்று கொண்டனர் போலும். 1813ஆம் ஆண்டில், கொழும்புக் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து ஒல்லாந்தக் கவர்னர்களின் எச்சங்களையும் நடுகற்களையும் ஊர்வலமாகக் கொணர்ந்து இங்கே வைத்தனர். இங்கும் கல் இடம்பெயர்ந்ததே கதை.

ஒல்லாந்தர் கொழும்பை வென்றதும் ஓர் உணவுக் கதையே. 1655இல் தொடங்கி 1656 மே மாதம் வரை நீண்ட முற்றுகையிற் கொழும்புக் கோட்டையை வீழ்த்தியதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு பட்டினிக்கும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். அந்தக் கோட்டை மதில்களை 1869ஆம் ஆண்டளவிலிருந்து ஆங்கிலேயரே இடித்து அகற்றினர். ஆகையாற்றான், கோட்டை என்று பெயர் சொல்லும் இடத்தில் இன்று கோட்டையைக் காணோம்.

மதில் அகன்றாலும் லம்பிறைஸ் நிலைத்தது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கறி, பொரித்த இறைச்சியுருண்டை, கத்தரிக்காய்ப் பாகம், சீனிச் சம்பல் ஆகியவற்றை வாட்டிய வாழையிலையிற் பொதிந்து போறணையில் இடுவர். ஒல்லாந்தப் பெயரும் சாவகத்துப் பொதியும் நம் நாட்டுக் கறியும் கலந்த பறங்கியர் உணவு இது. ஒல்லாந்தக் கும்பனி கொழும்பையும் யாவாவையும் ஒரே கணக்கேட்டில் வைத்து ஆண்டது என்பதற்கு இப்பொதியைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? உண்டபின் வட்டிலப்பம் கிடைத்தால் விடுதலாகாது. ஒல்லாந்தர் காலத்திற் போர்வீரராகவும் பிறவாறும் இங்கே கொணரப்பட்ட மலாய மக்களோடு வந்தது என்பர் இவ்வினிப்பை. இன்று முசிலிம் இல்லங்களின் பெருநாட் சிறப்பு அது. சித்திரைப் புத்தாண்டில் சிங்கள இல்லங்களில் தவறாது இடம்பெறும் கொக்கிஸ் என்பதும் ஒல்லாந்தச் சொல்லே.

அங்கிருந்து துறைமுகப் பக்கம் இறங்கினாற் கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தோர் குடியேறிய இடமாதலின் இப்பெயர் வந்தது என்பர். புனித அந்தோனியார் திருத்தலத்தில் எல்லாச் சமயத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவது நெடுநாள் வழக்கம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அங்கே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். திருத்தலம் சில வாரங்களிலேயே சீரமைக்கப்பெற்று, வழிபடுவோர் மீண்டும் வரலாயினர்.

அருகே உள்ளது பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். பொன்னம்பல முதலியார் நிறுவிய இக்கோயிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரையிற் கருங்கல்லாலே புதுக்கி எழுப்பினார். பிறர் கல்லைப் பெயர்த்தெடுத்த நகரில், புதுக் கல்லை வருவித்துக் கட்டிய கோயில் இது. பகற்பொழுதிலும் உள்ளே விளக்கொளி தேவைப்படும் அளவுக்குக் கனத்த தூண்கள். வடக்கே நெடுந்தொலைவிலுள்ள சோழநாட்டுக் கோயிலொன்றில் நிற்பதாகவே தோன்றும்.

இங்கே காலையிற் கண்ட கோட்டையை ஒருகால் நினைத்தல் தகும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தால் நேர்ந்த கொடுமைகளை இலண்டனுக்கு எடுத்துரைக்க, கோட்டையைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. பெரேரா, இரகசியக் கட்டளைப் பத்திரமொன்றைத் தம் சப்பாத்துக்குள் மறைத்துக் கடல்கடந்தார். சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாட இராமநாதனும் அவ்வாண்டிலே இலண்டன் சென்றார். மீண்ட இராமநாதனை வண்டியில் இருத்திச் சிங்கள மக்களே இழுத்துச் சென்றனர். அழகக்கோனாரனைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பெரேராவும், இந்தக் கற்கோயிலை எழுப்பிய இராமநாதனும் ஒரு வழக்குக்காக ஒன்றுபட்டு நின்றது நாம் மறக்கலாகாத செய்தி.

கோயிற் சமையலிடத்தை நாம் குசினி என்பதில்லை. மடைப்பள்ளி என்றே சொல்வோம். அந்நியச் சொல் அங்கே நுழையவில்லை. பல ஆலயங்களின் நிவேதனத்தில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. சிராத்த உணவிலும் மிளகாயை விலக்கி மிளகையே இடுவோர் பலர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய தமிழர் உணவு எவ்வாறு சுவைத்தது என்று அறிய வேண்டுமாயின், வெண்பொங்கலில் அகப்படும் மிளகு ஒன்றைக் கடித்துப் பார்த்தல் போதும்.

பொழுது சாய்கின்றது. நகரின் தென்கோடியிலுள்ள வெள்ளவத்தைக்குச் செல்வோம். மணற்றோட்டம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். அரசாங்க உத்தியோகம் நாடி வடக்கிலிருந்து வந்தோர் இங்கே பெருகினர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபின், ஊரிலிருந்து வரும் பொட்டலங்களும் பெருகின: ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, நீற்றுப்பெட்டி. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இவ்வீதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். பலர் நாட்டை விட்டே நீங்கினர். போர்க்காலத்தில், 1990இல் அறுந்த யாழ்ப்பாணப் புகையிரதத் தொடர்பு 2014இலேதான் மீண்டது. ஆயினும் வெள்ளவத்தையில் அடுப்பு மீண்டும் மூண்டது. எரிந்த கடையின் அடையாளத்தை அங்கே தேடினாற் காணமாட்டோம். நீற்றுப்பெட்டியில் அவித்த பிட்டையும் சொதியையும் மாலைதோறும் காண்போம்.

இந்நாளின் இறுதி உணவு ஒடியற் கூழ். அந்தப் பானையைச் சற்றே ஆராய்வோம். ஒடியல் மா நம் பனைநிலத்தின் ஆதிப்பொருள். கசப்பு நீங்க நீரிலே ஊறவைத்து எடுப்பது. பலாக்கொட்டையும் முருங்கையிலையும் பழப்புளியும் பழமையானவை. மீனும் நண்டும் இறாலும் என்றும் கடல் தந்தவை. செத்தல் மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது. மரவள்ளிக் கிழங்கு, 1786ஆம் ஆண்டிலே ஒல்லாந்தக் கவர்னர் வான் டி கிறாப் மொரீசியசிலிருந்து வருவித்தது. மண்ணை அகழ்வோர் மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வரை காலத்தைக் கணக்கிடுவர். கூழ்ப்பானையில் அவ்வடுக்குகளெல்லாம் கலந்து கொதிக்கின்றன. பனையோலையிற் கோலிய பிளாவில் வார்த்துக் குடிப்போர் ஐந்நூறு ஆண்டை ஒரே மிடறில் விழுங்குகின்றனர்.

ஆயின், உணவு தானே நிலைக்கும் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. கோட்டை மதிலைக் காப்பதற்குத் தொல்பொருட் சட்டமேனும் உண்டு. கூழின் பக்குவத்துக்குச் சட்டமில்லை. அதனை அறிந்த முதியவளின் கையே அதற்குக் காப்பு. அவள் அளவைப் படியால் அளந்ததில்லை, கண்ணால் அளந்தாள். அக்கண் மூடுமுன் கேட்டு எழுதிக்கொள்ளாவிடின், அதனைத் தோண்டி எடுக்க எந்த ஆராய்ச்சியாளராலும் இயலாது.

அடுத்த விடுமுறை நாளிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிட்டகோட்டை மதிலருகே செல்லுங்கள். அக்கற்களை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். அழகக்கோனாரனையும் சண்பகப் பெருமாளையும் பற்றிச் சொல்லுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் பாட்டியாரை அடுப்பருகே அமர்த்தி, ஒரு பானைக் கூழுக்கு எத்தனை சிறங்கை ஒடியல் மா என்று கேட்டு, அப்பிள்ளைகளின் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.